ஏறுவதற்கு மட்டும் ஒரு டிக்கெட்

கேப்டவுன் நகரத்தில், மேசை மலைக்குப் போகும் கேபிள் கார் நிலையத்தில் இரண்டு விதமான டிக்கெட் விற்கிறார்கள். ஏறி இறங்க ஒன்று. ஒரு வழிக்கு மட்டும் ஒன்று. என்னை அழைத்துப் போன நண்பர் என்னைக் கேட்காமலேயே ஒரு வழி டிக்கெட்டாக இரண்டு வாங்கிவிட்டார்.

"இறங்குவதற்கு?" என்று கேட்டேன்.

"அதற்குத்தான் இரண்டு கால்கள் இருக்கின்றனவே!" என்றார்.

அவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். சரித்திரம் கற்பித்தவர். சரித்திர ஆசிரியர்களுக்கும் முழங்கால்களுக்கும் ஏதோ தனி ஒப்பந்தம் இருக்கிறது போலும். அறுபத்தேழு வயதிலும் அவர் மான் குட்டி மாதிரி நடப்பார். நானோ வீட்டு மாடிப்படியில் இறங்கும்போதே கைப்பிடியைத் தேடுகிறவன். வயிற்றைக் கலக்கியது. ஆனாலும் அயலூரில் வந்து, விருந்தினனாக இருந்துகொண்டு, "என்னால் முடியாது" என்று சொல்ல மனம் வரவில்லை. மானம் பெரிதா, முழங்கால் பெரிதா என்று யோசித்து முடிப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

அந்த வண்டியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். அறுபத்தைந்து பேர் நிற்கலாம். நின்ற இடத்திலேயே தரை மெதுவாகச் சுற்றுகிறது; ஆகவே ஜன்னல் ஓரத்துக்காகச் சண்டை போடத் தேவையில்லை. கடல் மட்டத்துக்கு மேல் 302 மீட்டர் உயரத்தில் கிளம்பி, ஐந்து நிமிஷத்துக்குள் 1,067 மீட்டருக்குக் கொண்டு சேர்த்துவிடுகிறது. 1926-ஆம் ஆண்டில் ஸ்ட்ரோம்ஸோ என்ற நார்வே நாட்டு எஞ்சினீயர் இதற்குத் திட்டம் கொடுத்தார். 1929-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ந் தேதி வண்டி ஓடத் தொடங்கியது. அதற்கு முன்னால் வேறொரு யோசனை இருந்தது. 1912-ஆம் ஆண்டு வாக்கில், கம்பிக்கயிற்றால் இழுக்கும் ரயிலை மலைமேல் ஏற்றிவிடலாம் என்று நகரசபை நினைத்தது. ஊர் ஜனங்களும் ஓட்டுப் போட்டுச் சம்மதித்தார்கள். அதற்குள் 1914-ஆம் ஆண்டின் மகாயுத்தம் வந்துவிட்டது. ரயில் காகிதத்தோடு நின்றது. யுத்தத்தால் நன்மை உண்டு என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ரயில் போக இருந்த வழி எது தெரியுமா? நாங்கள் இறங்கப் போகிற அதே மலைப் பிளவுதான். தண்டவாளம் போட்டிருந்தால் என் முழங்கால்கள் பிழைத்திருக்கும். இந்தக் கட்டுரை பிழைத்திருக்காது.

மலை உச்சி என்றால் கூர்மையாக இருக்கும் என்றுதானே நினைப்போம்? இங்கே அப்படி இல்லை. மேலே போய் இறங்கினால் ஏதோ மைதானத்துக்கு வந்துவிட்டதுபோல் இருக்கிறது. பாறையும் புதருமாகப் பரந்த வெளி. பாறை இடுக்கில் பெருச்சாளியைப்போல் கொழுத்த ஒரு பிராணி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. டாஸி என்று பெயர். உலகத்தில் அதற்கு நெருங்கிய உறவினர்களுள் ஒருவர் யானையார் என்றார் நண்பர். பிராணி நூல் படித்தவர்களும் அப்படியே சொல்கிறார்கள். உறவு முறைகளைத் தோற்றத்தை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது என்பதற்காக அதை அங்கே உட்கார்த்தி வைத்திருக்கிறார்களோ என்று பின்னால் எனக்குத் தோன்றியது. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

1503-ஆம் ஆண்டில் அன்டோனியோ டி சல்டானா என்ற போர்ச்சுக்கீசியக் கப்பல் தலைவர் இந்தியாவுக்குப் போகும் வழியில் திசை தப்பி இந்த விரிகுடாவுக்குள் வந்துவிட்டார். நன்னம்பிக்கை முனையைத் தாண்டிவிட்டோமா, இல்லையா என்பது மாலுமிகளுக்கே விளங்கவில்லை. வழி கேட்க ஆள் இல்லை. ஆகவே சல்டானா எதிரே நின்ற மலைமேல் ஏறிப் பார்த்தார். தெற்கே நீண்டு கிடக்கும் முனை தெரிந்தது. இன்னும் தாண்டவில்லை என்று தெரிந்துகொண்டு, மலைக்கு 'முனையின் மேசை' என்று தம் மொழியில் பெயர் வைத்துவிட்டு இறங்கினார். சாவி, ஜன்னல், அலமாரி என்று நம் வீட்டுக்குள் எத்தனையோ சொற்களைக் கொண்டுவந்து வைத்தவர்கள் போர்ச்சுக்கீசியர். மேசையும் அவற்றுள் ஒன்று. இங்கே ஒரு மலைக்கே அதை வைத்துவிட்டார்கள். அந்த நிலத்துக்கு உரிய கோய் மக்கள் இதைக் 'கடலிலிருக்கும் மலை' என்று பொருள்படும் பெயரால் அழைத்துவந்தார்களாம். எனக்கென்னவோ அதுதான் பிடித்திருக்கிறது.

சல்டானா ஏறி இறங்கிய வழிதான் பிளாட்டக்ளிப் பிளவு. கேபிள் கார் நிலையத்திலிருந்து மலைமேலேயே சிறிது தூரம் நடந்தால் பாறை இரண்டாகப் பிளந்து வாசல்போல் நிற்கிறது. அதற்குள் நுழைந்தால் பிறகு இறக்கம்தான். கல்லை அடுக்கிப் படிபோல் செய்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் படிகளை அமைத்தவர் ராட்சதருக்கு அளவெடுத்திருக்க வேண்டும். இடப்புறம் திரும்பி, வலப்புறம் திரும்பி, மறுபடியும் இடப்புறம் திரும்பி, சுமார் எழுநூறு மீட்டர் உயரத்தைக் கால்களாலேயே இறக்கி வைக்க வேண்டும். தூரம் மூன்று கிலோமீட்டர்கூட இராது. ஆனால் தூரமா முழங்காலுக்குக் கணக்கு?

முதல் கால் மணி நேரம் இரு புறமும் பாறைச் சுவர்தான். அதற்கு நடுவில், கதவை ஒருக்களித்து வைத்ததுபோல, கீழே நகரமும் கடலும் ஒரு துண்டு தெரிந்தன. இறங்க இறங்கக் கதவு திறந்துகொண்டே வந்தது. நண்பர் அங்கங்கே நிறுத்தி ஒவ்வொன்றாகக் காட்டினார். நான் மூச்சு வாங்குவதை மறைக்க நிறையக் கேள்விகள் கேட்டேன். ஆசிரியர்களுக்குக் கேள்வி கேட்பவனைப் பிடிக்கும்.

"அதோ அந்தக் கடற்கரையில் உங்கள் ஊர் ராஜப் பிரதிநிதி ஒருவர் செத்தார்" என்றார்.

அல்மெய்டாவைச் சொல்கிறார். போர்ச்சுக்கீசிய இந்தியாவின் முதல் ராஜப் பிரதிநிதி, கொச்சியில் கோலோச்சியவர், 1509-இல் டையூ கடற்போரில் வென்றவர். பதவி முடிந்து ஊருக்குத் திரும்புகிற வழியில், 1510-ஆம் ஆண்டில், தண்ணீருக்காக இங்கே கப்பலை நிறுத்தினார். ஆட்களுக்கும் கோய் மக்களுக்கும் மாடு விஷயமாகத் தகராறு. பிறகு அவர்களுடைய குடியிருப்பிலே புகுந்து மாடுகளைக் கவர்ந்து வந்தார்கள். கோய் மக்கள் தங்கள் மாடுகளையே கேடயம்போல் முன்னே ஓட்டிக்கொண்டு, கல்லும் ஈட்டியுமாகத் துரத்திவந்தார்கள். மார்ச் மாதம் 1-ந் தேதி அல்மெய்டாவும் ஐம்பதுக்கு மேற்பட்ட போர்ச்சுக்கீசியரும் கடற்கரை மணலில் மாண்டார்கள். பீரங்கிகளுக்குத் தப்பியவர் மாட்டுக் கூட்டத்துக்குத் தப்பவில்லை. அதற்குப் பிறகு வெகு காலம் போர்ச்சுக்கீசியர் இந்தப் பக்கம் தங்க விரும்பவேயில்லை.

தங்கினவர்கள் டச்சுக்காரர்கள். 1652-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ந் தேதி வான் ரீபெக் வந்து இறங்கினார். அவர் இந்த இடத்தைப் பிடித்ததற்குக் காரணம் பொன்னுமல்ல, மணியுமல்ல, தண்ணீர். நாங்கள் இறங்கிக்கொண்டிருந்த மலைப்பிளவிலிருந்து ஓடையாக வடிந்து கடலுக்குப் போகும் நல்ல தண்ணீர். கீழ்த்திசைக்குப் போகும் கப்பல்களுக்குத் தண்ணீரும் காய்கறியும் கொடுக்க ஒரு தோட்டம் போட்டார். அந்தத் தோட்டம் இன்றும் நகரத்தின் நடுவில் இருக்கிறது. நான் முந்திய நாள் அங்கே பெஞ்சியில் உட்கார்ந்து கடலை தின்றேன்.

தோட்டம் என்றால் கொத்துவதற்கு ஆள் வேண்டும். கோய் மக்கள் வேலைக்கு வர மறுத்தார்கள். பிறகு என்ன? கப்பல் கப்பலாக அடிமைகள் வந்தார்கள். 1808-ஆம் ஆண்டு வரை சுமார் அறுபத்து மூவாயிரம் பேர் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஆப்பிரிக்கக் கரையிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் ஜாவாப் பக்கத்துத் தீவுகளிலிருந்தும் வந்தார்கள். ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இந்தியாவிலிருந்து. வங்காளம், மலையாளக் கரை, சோழமண்டலக் கரை.

தென்னாப்பிரிக்காவுக்கு நம்மவர் போனது 1860-ஆம் ஆண்டில், நேட்டால் கரும்புத் தோட்டத்துக்கு என்றுதான் நான் படித்திருந்தேன். பெரும்பாலோர் அப்படித்தான் படித்திருப்போம். அதற்கு இருநூறு வருஷத்துக்கு முன்பே இந்த மலையடியில் நம் கரையோரத்துப் பெண் ஒருத்தி துணி வெளுத்துக்கொண்டிருந்தாள் என்பதை நண்பர் சொல்லித்தான் அறிந்தேன்.

அவள் பெயர் டச்சுக்காரர் ஏட்டில் 'பெரிய கத்ரின், பாலியகட்டாக்காரி' என்று இருக்கிறது. பாலியகட்டா என்பது வேறு எதுவுமில்லை, பழவேற்காடுதான். சென்னைக்கு வடக்கே, உப்பங்கழி ஓரத்தில், தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் ஊர். அங்கே 1613-ஆம் ஆண்டில் டச்சுக்காரர் கெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். துணி ஏற்றிய கப்பல்களிலேயே மனிதர்களையும் ஏற்றினார்கள். கத்ரின் 1631-ஆம் ஆண்டு வாக்கில் பிறந்தவள். அவளைப் பெற்றவர்கள் என்ன பெயர் வைத்தார்களோ? அந்தப் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

அடிமையாகப் படேவியாவுக்குப் போய்ச் சேர்ந்தாள். இன்றைய ஜகார்த்தா நகரம்தான் அது. அங்கே மலபாரிலிருந்து வந்த ஓர் அடிமையுடன் அவளுக்குச் சிநேகம். 1656-ஆம் ஆண்டில் ஒருநாள் வாய்ச்சண்டை முற்றியது. அவன் அடித்தான். அவள் திருப்பித் தாக்கினாள். அவன் அதில் இறந்துபோனான். கம்பெனியின் நீதிமன்றம் அவளுக்கு மரண தண்டனை விதித்தது. தற்காப்புக்காகச் செய்தது என்பதை ஓரளவு ஒப்புக்கொண்டார்கள் போலிருக்கிறது. தண்டனையைக் குறைத்து, ஆயுள் முழுவதும் நாடு கடத்துவது என்று தீர்த்தார்கள். எந்த நாட்டுக்கு? அடிமையாக விற்கப்பட்டவளுக்கு ஏது நாடு? 1657-ஆம் ஆண்டு இந்த மலையடியில் கொண்டுவந்து விட்டார்கள். கேப் குடியேற்றத்துக்கு வந்த முதல் பெண் கைதி என்று சரித்திரக்காரர்கள் அவளைக் குறிப்பிடுகிறார்கள். இங்கே அவளுக்குக் கிடைத்த வேலை, தளபதி வான் ரீபெக் வீட்டுத் துணிகளை வெளுப்பது.

படி ஒன்றில் உட்கார்ந்துவிட்டேன். முழங்காலுக்காக அல்ல.

நண்பர் மேலே சொன்னார். அவள் அழிந்துபோகவில்லை. தளபதிகள் மாறினார்கள், அவள் இருந்தாள். 1669-ஆம் ஆண்டில் ஓர் ஐரோப்பியச் சிப்பாயிடம் அவளுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பிறகு விடுதலை பெற்று, வங்காளத்திலிருந்து அடிமையாக வந்து விடுதலை அடைந்த ஒருவனை மணந்துகொண்டாள். பையன் வளர்ந்தான், மதக் கொடுமைக்குத் தப்பி வந்த குடும்பத்துப் பெண்ணை மணந்தான். அவன் பெயர் கிறிஸ்டோஃபல் ஸ்நைமன். இன்று தென்னாப்பிரிக்காவில் ஸ்நைமன் என்ற பெயருடைய வெள்ளைக்கார ஆப்பிரிக்கானர்கள் ஏராளம். அவர்களுக்கெல்லாம் மூலபுருஷன் இவன்தான்.

யோசித்துப் பாருங்கள். 1949-ஆம் ஆண்டில் இந்த நாட்டில் வெள்ளையர் மற்ற இனத்தாரை மணக்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். 1950-இல் ஒவ்வொருவரையும் இன்ன இனம் என்று பிரித்து எழுதிவைக்கச் சட்டம் போட்டார்கள். எந்த பெஞ்சியில் உட்காரலாம், எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்பதெல்லாம் அந்த எழுத்தைப் பொறுத்தது. அந்தக் காலத்தில் வெள்ளையர் பெஞ்சியில் சந்தேகமில்லாமல் உட்கார்ந்திருந்த எத்தனை ஸ்நைமன்களுக்குப் பழவேற்காட்டுக்காரி பாட்டி என்று தெரிந்திருக்கும்? டாஸியும் யானையும் என் ஞாபகத்துக்கு வந்தது அப்போதுதான்.

"உங்கள் குடும்பம் எங்கிருந்து வந்தது?" என்று நண்பரைக் கேட்டேன்.

"எனக்கு ஊர் இல்லை, மாதம்தான் உண்டு" என்றார் சிரித்துக்கொண்டே.

அடிமைகளுக்கு எஜமானர்கள் மாதங்களின் பெயரை வைப்பது அங்கே வழக்கமாக இருந்தது. அதுவே குடும்பப் பெயராக நின்றுவிட்டது. கேப்டவுன் வீதிகளில் பிப்ரவரி, செப்டம்பர், அக்டோபர் என்ற குடும்பப் பெயர்கள் சர்வ சாதாரணம். என் நண்பருடையதும் பன்னிரண்டில் ஒன்று. எது என்று சொல்ல மாட்டேன்.

பாதி வழியில் வானம் மாறியது. தென்கிழக்குக் காற்று கிளம்பினால் மலையின் தலையில் வெள்ளை மேகம் வந்து படியும், விளிம்பிலிருந்து வழியும். 'மேசை விரிப்பு' என்பார்கள். பார்க்க அழகுதான், அதன் அடியில் நிற்பவனுக்குக் குளிர். மேலே கேபிள் கார் நிலையத்தில் சங்கு ஊதுவது கேட்டது. காற்று பலமானால் வண்டியை நிறுத்திவிடுவார்கள். எல்லாரும் ஓடிவந்து வரிசையில் நிற்க வேண்டும் என்பதற்கு அடையாளம் அது. "பார்த்தீர்களா, என் டிக்கெட்டின் மகிமையை!" என்றார் நண்பர். ஒப்புக்கொள்ள மனமில்லாவிட்டாலும் ஒப்புக்கொண்டேன்.

1797-ஆம் ஆண்டில் ஆன் பர்னார்ட் என்ற ஸ்காட்லாந்துச் சீமாட்டி இதே வழியாக ஏறியிருக்கிறார். பாவாடை தடுக்காமலிருக்கப் புருஷருடைய கால்சட்டையை உள்ளே போட்டுக்கொண்டு ஏறினார் என்பதை எல்லாப் புத்தகங்களும் சிரிக்கச் சிரிக்க எழுதுகின்றன. அவருக்குச் சாப்பாட்டுக் கூடைகளைச் சுமந்துகொண்டு அடிமைகளும் ஏறினார்கள். அவர்கள் என்ன உடுத்திக்கொண்டு ஏறினார்கள் என்று எழுதத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

இந்த மலையை நேசித்தவர்களில் பிரசித்தமானவர் ஜெனரல் ஸ்மட்ஸ். எழுபது வயதுக்குப் பிறகும் ஏறுவார். 1923-ஆம் ஆண்டில் உச்சியில் நின்று, மலை மனிதனின் ஆன்மாவை எப்படி உயர்த்துகிறது என்று அருமையாகப் பிரசங்கம் செய்தார். காந்திஜியைச் சிறையில் வைத்தவரும் அவரே. சிறையில் காந்திஜி தம் கையால் தைத்த செருப்பை அவருக்குப் பரிசளித்ததும், அதை 1939-இல் ஸ்மட்ஸ் மரியாதையோடு திருப்பி அனுப்பியதும் பலருக்குத் தெரிந்த கதை. கிறிஸ்தவ முறைப்படி நடக்காத கலியாணங்கள் செல்லாது என்று 1913-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒரு நீதிபதி தீர்ப்புச் சொன்னது, எங்கள் காலடியில் தெரிந்த இந்த நகரத்தில்தான். அந்தத் தீர்ப்புத்தான் நம் பெண்களைப் போராட்டத்துக்கு இழுத்தது. தில்லையாடி வள்ளியம்மையின் உயிர் போனது அதற்குப் பிறகு. காந்திஜி கடைசியாகத் தென்னாப்பிரிக்காவை விட்டுக் கப்பலேறியதும் இந்தத் துறைமுகத்தில்தான். 1914-ஆம் ஆண்டு ஜூலை 18-ந் தேதி. நாலு வருஷம் கழித்து அதே ஜூலை 18-ந் தேதி வேறொரு மூலையில் ஒரு குழந்தை பிறந்தது. அது நெல்சன் மண்டேலா. ஜோசியர்கள் இதைக் கவனித்தார்களோ என்னவோ?

கரையிலிருந்து ஏழு கிலோமீட்டரில், தண்ணீரில் தட்டு மிதப்பதுபோல் ரொபென் தீவு தெரிந்தது. மண்டேலா 1964 முதல் 1982 வரை அங்கே இருந்தார். அவருக்கு முன்பே அங்கே அடைக்கப்பட்டவர்களில் இந்திரஸ் நாயுடு ஒருவர். காந்திஜியின் வலக்கரமாக இருந்த தம்பி நாயுடுவின் பேரன். பத்து வருஷம் அந்தத் தீவில் கல் உடைத்தவர். தீவிலிருந்து பார்த்தால் இந்த மலை முழுவதும் தெரியும். அது ஒன்றுதான் நாங்கள் என்றாவது திரும்பிப் போகப்போகிற கரை என்று எங்களுக்கு நினைவூட்டியது என்ற கருத்தில் மண்டேலா பின்னால் பேசியிருக்கிறார்.

"எனக்கு இந்த மலை அப்படியல்ல" என்றார் நண்பர். இப்போது அவர் சிரிக்கவில்லை. கீழே நகரத்தை ஒட்டிப் புல் முளைத்துக் கிடந்த சரிவைக் காட்டினார். "அங்கேதான் எங்கள் வீடு இருந்தது."

டிஸ்டிரிக்ட் சிக்ஸ் என்ற பேட்டை. விடுதலை பெற்ற அடிமைகளின் சந்ததியார், மலாய்க்காரர், இந்தியர், யூதர் என்று எல்லாரும் நெருக்கிக்கொண்டு வாழ்ந்த இடம். 1966-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ந் தேதி அது வெள்ளையருக்கு மட்டும் உரிய இடம் என்று அரசாங்கம் அறிவித்தது. அறுபதாயிரம் பேருக்கு மேல் வெளியேற்றப்பட்டார்கள். புல்டோசர்கள் வந்தன. கோயில்களையும் மசூதிகளையும் மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் இடித்தார்கள். இடித்த இடத்தில் பெரும் பகுதியில் பல வருஷங்கள் யாருமே வீடு கட்டவில்லை.

"அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. நகரத்துக்கு வெளியே மணல் காட்டில் கொண்டுபோய் வைத்தார்கள். அம்மா தினம் காலையில் வாசலுக்கு வந்து மலையைப் பார்ப்பாள். அங்கிருந்தும் மலை தெரியும். ஆனால் அது மலையின் முதுகு. 'முகத்தைத் திருப்பிக்கொண்டுவிட்டது பார்' என்பாள். சாகிற வரையில் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்."

அதற்கு நான் என்ன பதில் சொல்வது? பேசாமல் இறங்கினோம்.

அடிவாரத்தை நெருங்கும்போது ஓடையின் சலசலப்புக் கேட்டது. மெல்லிய நீர், தட்டையான பாறைகள்மேல் படர்ந்து ஓடுகிறது. பிளாட்டக்ளிப் என்றால் தட்டைக் கல் என்றுதான் அர்த்தம். அடிமைப் பெண்கள் மூட்டை மூட்டையாகத் துணியைத் தலையில் சுமந்துவந்து அடித்துத் துவைத்த கற்கள் என்று சொல்கிறார்கள். 1838-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி அடிமைத்தனம் முழுவதும் ஒழிந்த பிறகும் துணிகள் ஒழியவில்லை. அதே பெண்கள் கூலிக்கு வெளுத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சற்றுக் கீழே நகரசபை சலவைக்கூடம் கட்டிக்கொடுத்தது. நண்பருடைய பாட்டியின் தாயார் அங்கே வேலை செய்தவராம்.

நண்பர் குனிந்து கைக்குட்டையை நீரில் நனைத்தார். ஒரு கல்லின்மேல் வைத்து இரண்டு தட்டுத் தட்டினார். உதறிப் பிழிந்து கழுத்தில் சுற்றிக்கொண்டார். நானும் என் கைக்குட்டையை எடுத்தேன். எனக்குச் சரியாகத் தட்ட வரவில்லை.

சாலைக்கு வந்ததும், "அப்பாடா!" என்று மைல் கல் ஒன்றைத் தேடினேன். வண்டியை நிறுத்தியிருந்த கேபிள் கார் நிலையம் எங்கே என்று கேட்டேன்.

"இப்படியே ஒன்றரைக் கிலோமீட்டர் நடக்க வேண்டும்" என்றார்.

இதை அவர் மேலே டிக்கெட் வாங்கும்போது சொல்லவில்லை.